மூன்றாம் டிவிஷன் பேஸ்பாலில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழ் வீடுகளில் பேஸ்பால் ஆடும் பையன் ஒருவன் இருந்தால், அவன் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் ஊரிலிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்: "அப்போ காலேஜ் ஃப்ரீயா?" கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. விளையாட்டு உதவித்தொகை பற்றித் தமிழில் வரும் குறிப்புகள் பலவும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு மொத்தத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகின்றன. பேஸ்பால் ஆடும் பையன்களில் பெரும்பாலோர் போய்ச் சேருவது தொலைக்காட்சியில் வராத சின்னக் கல்லூரிகளில். அங்கே கணக்கே வேறு. இதுபற்றி நீங்கள் எழுதும்போது டிவிஷன்களைப் பிரித்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவும், இப்போதே பிள்ளைகளை அனுப்பத் தயாராகிக்கொண்டிருக்கும் பெற்றோருக்குச் சிலவற்றைச் சொல்லவும் இக்கடிதம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பில் மூன்று டிவிஷன்கள். முதல் டிவிஷனிலேயே நெடுங்காலம் ஒரு பேஸ்பால் அணிக்கு மொத்தம் 11.7 முழு உதவித்தொகைதான் அனுமதி; அதையும் இரண்டு டஜனுக்கு மேற்பட்டவர்களுக்குத் துண்டு துண்டாகப் பிய்த்துக் கொடுத்தார்கள். இரண்டாம் டிவிஷனில் 9. மூன்றாம் டிவிஷனில் பூஜ்யம். சுமார் 430 கல்லூரிகள் கொண்ட, இருப்பதிலேயே பெரிய டிவிஷன் இதுதான். இவற்றில் பெரும்பாலானவற்றில் பேஸ்பால் உண்டு. ஆனால் எந்தப் பயிற்சியாளரும் "நன்றாகப் பந்து போடுகிறான்" என்பதற்காக ஒரு டாலர்கூடத் தர விதியில் இடமில்லை. என்சிஏஏவுக்கு வெளியே என்ஏஐஏ என்றொரு அமைப்பு இருக்கிறது, அதில் விளையாட்டுப் பணம் உண்டு. இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளிலும் சில பிரிவுகளில் உண்டு. ஆகவே "சின்னக் கல்லூரி" என்று ஒருவர் சொன்னால், எந்த அமைப்பு, எந்த டிவிஷன் என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டும்.

சின்னது என்றால் மட்டம் என்று பொருளில்லை. அமெரிக்காவில் கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் பேஸ்பால் ஆட்டம் 1859 ஜூலை 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் நடந்தது. ஆம்ஹர்ஸ்ட் 73, வில்லியம்ஸ் 32. அந்த இரண்டு கல்லூரிகளும் இன்று மூன்றாம் டிவிஷனில்தான் ஆடுகின்றன. படிப்பில் அவற்றுக்குள்ள மதிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டத்திறனும் அப்படித்தான். 2025-ல் பேஸ்பாலின் புகழ்மன்றமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான இடதுகைப் பிட்சர் (பந்து வீசுபவர்) பில்லி வாக்னர், வர்ஜீனியாவில் உள்ள ஃபெர்ரம் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து 1993-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியால் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர். அதற்காக வாக்னரைக் காட்டி மகனுக்கு ஆசை ஊட்டவும் வேண்டாம். மேஜர் லீக் எனும் தொழில்முறை பேஸ்பால் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்ட் முன்பு 40 சுற்று இருந்தது. 2021 முதல் 20 சுற்றுதான். 2025-லிருந்து முதல் டிவிஷனின் பெரிய கல்லூரிகள் பலவற்றில் அணிக்கு 34 பேர் என்று உச்சவரம்பும் வந்துவிட்டது. மேலே இடம் கிடைக்காதவர்கள் ஒரு படி கீழே இறங்குகிறார்கள், அங்கே இருந்தவர்கள் இன்னொரு படி. கடைசியில் நெரிசல் மூன்றாம் டிவிஷனின் பெஞ்சில்.

இனி பணம். "எங்கள் பையனுக்கு 28,000 டாலர் கொடுத்தார்கள்" என்று மூன்றாம் டிவிஷன் பெற்றோர் சொன்னால், அது மதிப்பெண்ணுக்குக் கிடைத்த மெரிட் தொகையாகவோ குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுத்த உதவியாகவோதான் இருக்கும். தனியார் கல்லூரிகள் பலகையில் எழுதும் விலை ஒன்று, வாங்கும் விலை ஒன்று. முதலாண்டு மாணவர்களுக்குச் சராசரியாகக் கல்விக் கட்டணத்தில் பாதிக்கு மேல் தள்ளுபடி போகிறது. தி. நகர் ஆடித் தள்ளுபடி பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' இருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். பயிற்சியாளரோடு பேச ஆரம்பிக்கும் முன்பே அதில் வருமானம், மதிப்பெண் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். கால் மணி நேர வேலை.

எல்லாரும் கோட்டைவிடுவது நான்காம் ஆண்டை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடுதியோடு சேர்த்து ஆண்டுக் கட்டணம் 62,000 டாலர், மெரிட் 28,000. கையிலிருந்து போவது 34,000. மெரிட் தொகை பெரும்பாலும் நான்கு ஆண்டும் அசையாது. கட்டணம் அசையும். ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால் நான்காம் ஆண்டில் கட்டணம் ஏறத்தாழ 69,740. கையிலிருந்து போவது 41,740. முதலாண்டைவிட 7,700 டாலருக்கு மேல் கூடுதல். இதோடு, மெரிட் தொகையைத் தக்கவைக்க ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி பல இடங்களில் உண்டு. பேஸ்பால் பருவம் முழுக்க வசந்த செமஸ்டரில்தான் வருகிறது. சராசரி சரிவதும் அந்த செமஸ்டரில்தான். சலுகைக் கடிதம் கைக்கு வந்ததும் அந்த எண் என்ன, ஒரு செமஸ்டர் தவறினால் மீட்க அவகாசம் உண்டா என்ற இரண்டையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பள்ளியில் தொப்பி போட்டு, மேசையில் பேனாவோடு உட்கார்ந்து கையெழுத்திடும் படம் ஒன்றும் எடுப்பார்கள். மூன்றாம் டிவிஷனில் அந்தக் காகிதம் வெறும் கொண்டாட்டம், யாரையும் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது 'எர்லி டிசிஷன்' விண்ணப்பம். நவம்பரில் அதைப் போட்டு இடம் கிடைத்துவிட்டால், அந்தக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். இன்னொரு கல்லூரியின் பணச் சலுகையோடு ஒப்பிட்டுப் பேரம் பேச வழியில்லை. கல்வியில் கறாரான கல்லூரிகளில் பயிற்சியாளர்கள் "எர்லி டிசிஷனில் போட்டால் என்னால் ஆதரவு தர முடியும்" என்பார்கள். அதற்கு முன், பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் மதிப்பெண் பட்டியலை வாங்கி அட்மிஷன் அலுவலகத்தில் காட்டி அபிப்பிராயம் கேட்பார்கள். இதற்கு 'ப்ரீ-ரீட்' என்று பெயர். அதில் நல்ல பதில் வந்தாலும் அது உத்தரவாதம் ஆகாது. அந்த நேரத்திலேயே "பண உதவிக்கும் ஒரு முன்கணிப்புத் தர முடியுமா?" என்று கேளுங்கள். சில கல்லூரிகள் தரும். தராத இடத்தில், கட்டணம் கட்டுப்படியாகுமா என்று தெரியாமல் எர்லி டிசிஷனில் கையெழுத்துப் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது.

இடம் தேடும் கட்டத்தில் பணம் வீணாவது, பயிற்சியாளர்கள் முன் திறமையைக் காட்டும் 'ஷோகேஸ்' முகாம்களில். சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போகிறது. "உங்கள் மகனை எங்கள் முகாமுக்கு அழைக்கிறோம்" என்று கல்லூரியிலிருந்து வரும் மின்னஞ்சல் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போயிருக்கும். சின்னக் கல்லூரிகளில் முகாம் வருமானம் உதவிப் பயிற்சியாளரின் சம்பளத்துக்கே ஆதாரமாக இருப்பதும் உண்டு. மகனின் பெயரோடு, அவன் ஆடிய ஓர் ஆட்டத்தையோ அனுப்பிய காணொளியையோ குறிப்பிட்டு எழுதியிருந்தால்தான் அது அழைப்பு. மற்றது நோட்டீஸ். காணொளி மூன்று நிமிடத்துக்குள் இருந்தால் போதும்: பிட்சர் என்றால் பக்கவாட்டிலிருந்தும், அடிப்பவனுக்குப் பின்னால் நின்று பந்து பிடிக்கும் கேட்சருக்குப் பின்னாலிருந்தும் இரண்டு கோணம், வேகம் காட்டும் ராடார் எண் திரையில் தெரிய வேண்டும், கேட்சர் என்றால் பந்தைப் பிடித்து இரண்டாம் பேஸுக்கு எறியும் நேரம், மற்றவர்களுக்கு 60 கெஜ ஓட்ட நேரமும் அடித்த பந்தின் வேகமும். பின்னணி இசை வேண்டாம். மின்னஞ்சலைப் பையனே எழுத வேண்டும். அப்பா எழுதியதைப் பயிற்சியாளர்கள் இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பயிற்சியாளர் சொல்வதைவிட அணிப் பட்டியல் சொல்வதை நம்பலாம். ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலும் பழைய ஆண்டுப் பட்டியல்கள் கிடக்கின்றன. நான்கு ஆண்டுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் பட்டியலில் முதலாண்டு மாணவர்களை எண்ணுங்கள். அதே பெயர்களில் எத்தனை பேர் நான்காவது பட்டியலில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 18 பேர் வந்து 12 பேர் நிலைத்தார்கள் என்றால் நல்ல இடம். 22 பேர் வந்து 5 பேர்தான் மிச்சம் என்றால், அந்தக் கல்லூரி பேஸ்பாலை மாணவர் சேர்க்கைக்கு வலையாக வீசுகிறது. கட்டணத்தை நம்பி வண்டி ஓட்டும் தனியார் கல்லூரிக்கு, அணியில் 55 பேர் இருந்தால் 55 பேரின் கட்டணம் வருகிறது. களத்தில் நிற்பது ஒன்பது பேர், அடிக்க மட்டும் இறங்கும் ஒருவரைச் சேர்த்தால் பத்து. மிச்சப் பேர் எங்கே உட்காருவார்கள் என்பது யார் கவலை?

அதே பட்டியலில் இன்னும் இரண்டு விஷயம் கிடைக்கும். ஒன்று, மகன் ஆடும் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர், எந்த ஆண்டு. அவன் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவன்), அங்கே இப்போது ஆடுபவன் இரண்டாம் ஆண்டு என்றால், இன்னும் இரண்டு வருடம் காத்திருப்பு. இரண்டு, பாடப் பிரிவு. பல தளங்களில் ஆட்டக்காரனின் பெயருக்குப் பக்கத்தில் அவன் என்ன படிக்கிறான் என்று போட்டிருப்பார்கள். மகனை டாக்டராக்கும் எண்ணம் நம் வீடுகளில் குறைவா என்ன? வேதியியல், உயிரியல் ஆய்வக வகுப்புகள் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை ஓடும். பயிற்சி நாலு மணிக்கு. மூன்றாம் டிவிஷனின் உண்மையான அனுகூலமே ஆய்வகம் முந்தி, பயிற்சி பிந்தி என்பதுதான். ஆனால் அது சொல்லளவில் நிற்கும் இடங்களும் உண்டு. 45 பேர் பட்டியலில் ஒருவன்கூட அறிவியல் படிக்கவில்லை என்றால், பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே வந்துவிடும். கூடவே இவற்றையும் கேட்கச் சொல்லுங்கள்: இலையுதிர் காலப் பயிற்சி முடிந்ததும் ஆட்களைக் கழிப்பீர்களா? வெளியூர் ஆட்டத்துக்குப் பேருந்தில் எத்தனை பேர்? இரண்டாம் அணி உண்டா, அதற்கு உண்மையில் ஆட்டங்கள் இருக்கின்றனவா? "போட்டி போட வாய்ப்பு இருக்கும்" என்பது இம்மூன்றுக்கும் பதில் ஆகாது.

கல்லூரியே நிலைக்குமா என்ற கேள்வியையும் இப்போது கேட்டாக வேண்டும். அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி 1856-ல் தொடங்கியது. 2024 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்தார்கள். மே 31 கடைசி நாள். அதே மே 31 அன்று அதன் பேஸ்பால் அணி ஒஹாயோவின் ஈஸ்ட்லேக்கில் மூன்றாம் டிவிஷன் இறுதிச் சுற்றில் களமிறங்கியது. மறுநாள் காலையில் கல்லூரி இல்லை, அணி மட்டும் இருந்தது. முதல் ஆட்டத்தில் தோற்று, அடுத்ததில் வென்று, ஜூன் 2 அன்று விஸ்கான்சின்-ஒயிட்வாட்டரிடம் 11-10 என்று கடைசி அடியில் தோற்றார்கள். நாடே அழுதது, சரி. பெற்றோருக்கு அன்று இருந்த கவலை, மகனின் பாடப் புள்ளிகளை எந்தக் கல்லூரி ஏற்கும் என்பது. சேரும் முன் பார்க்க வேண்டியவை: ஐந்து ஆண்டு மாணவர் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா, அங்கீகாரம் தரும் அமைப்பு எச்சரிக்கை ஏதும் விடுத்திருக்கிறதா, தனியார் கல்லூரி என்றால் அதன் 990 எண் வரிப் படிவத்தில் தொடர்ந்து நஷ்டம் தெரிகிறதா. அந்தப் படிவம் எவரும் இணையத்தில் பார்க்கக் கூடியது. மாணவர் எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகும்போது அணியை மட்டும் பெருக்கிக்கொண்டே போகும் கல்லூரியிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

சேர்ந்தாயிற்று. இனி பெற்றோரின் வேலை பார்ப்பதுதான், அதுவும் பெரும்பாலும் தூரத்திலிருந்து. பருவத்தில் ஓர் அணிக்கு அதிகபட்சம் 40 ஆட்டங்கள். பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்தில் முடியும். வடக்கே பிப்ரவரியில் மைதானத்தில் பனி கிடக்கும். மினசோட்டா கல்லூரிகள் மினியாபொலிஸின் மூடிய அரங்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கின்றன; பழைய மெட்ரோடோம் காலத்தில் நள்ளிரவு தாண்டி ஆடிய ஆட்டங்களும் உண்டு. மற்றவர்கள் மார்ச் விடுமுறையில் புளோரிடாவுக்கோ அரிசோனாவுக்கோ பறப்பார்கள். ஆபர்ன்டேல், வின்டர் ஹேவன், ஃபோர்ட் மையர்ஸ் பக்கம் ஒரு வாரத்தில் ஏழெட்டு ஆட்டம். ஆண்டுக்கு ஒரே ஒரு தடவைதான் போக முடியும் என்றால் அந்த வாரத்துக்குப் போங்கள். லீக் புள்ளிகளுக்கு அந்த ஆட்டங்கள் சேராது என்பதால் பயிற்சியாளர் எல்லாரையும் இறக்கிப் பார்ப்பார். முதலாண்டுப் பையனுக்கு ஓர் இன்னிங்ஸாவது கிடைக்கும். ஏப்ரலில் லீக் ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால் அவன் பெஞ்சில் தோள் குறுக்கி உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். பயணச் செலவில் ஒரு பகுதி பையன் தலையில் விழும் கல்லூரிகளும் நிறைய. ஆகஸ்டிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் போக முடியாத நாட்களில், ஆட்டம் நடக்கும்போதே எண்களைக் காட்டும் 'லைவ் ஸ்டாட்ஸ்' என்ற இணையப் பக்கம்தான் கண். அதில் எண்களை உள்ளிடுவது மணிக்கூலிக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவன். 'இரண்டு பால் (தவறான பந்து), ஒரு ஸ்ட்ரைக் (சரியான பந்து)' என்று திரை உறைந்து இருபது நிமிடம் நின்றால் மகனுக்கு அடிபட்டுவிட்டது என்று பதறாதீர்கள், வைஃபை போயிருக்கும். இரவு 'ஹிட்' (அடித்தவனுக்குப் பெருமை) என்று இருந்தது காலையில் 'எரர்' (தடுத்தவனின் தவறு) என்று மாறியிருக்கும், அதுவும் வழக்கம்தான். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்குப் பிட்சரின் கணக்கு எளிது: 4.1 இன்னிங்ஸ் என்றால் தசமம் அல்ல, நாலு முழு இன்னிங்ஸும் ஐந்தாவதில் ஒரு அவுட்டும். ஓவரில் ஆறு பந்து, இங்கே மூன்று அவுட், அவ்வளவுதான் வித்தியாசம். அதில் 3 எர்ன்டு ரன் (தடுப்பவர் தவறால் வராத ரன்) கொடுத்திருந்தால், ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை என்ற சராசரி பார்க்க, மூன்றை ஒன்பதால் பெருக்கி நாலே கால்... இல்லை, நாலும் மூன்றில் ஒன்றும் கொண்டு வகுக்க வேண்டும்: 6.23. இதை நாலே காலால் வகுத்து 6.35 என்று எடுத்துக்கொண்டு மகனிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிற அப்பாக்கள் உண்டு.

அடிப்பவனின் வரிசையில் நான்கு எண்கள் முதலில் வரும்: அடிக்க நின்றது, ரன், ஹிட், ரன் வரக் காரணமானது. "0 1 0 0" என்று மகன் பெயருக்கு எதிரே இருந்தால் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். வேறொருவனுக்குப் பதிலாக ஓட மட்டும் இறங்கி, ஹோம் பேஸ் வந்து சேர்ந்திருக்கலாம். ஒருவேளை அந்த ரன்னில்தான் ஆட்டமே முடிந்திருக்கும். சராசரியைவிட, எத்தனை முறை பேஸுக்குப் போனான் என்ற விகிதத்தைப் பயிற்சியாளர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். 100 முறை அடிக்க நின்று 26 ஹிட் என்றால் சராசரி .260, சுமார்தான். அவனே 18 முறை வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ்) வாங்கி, 6 முறை பந்தால் அடிபட்டு, 2 தியாக ஃப்ளையும் (தான் அவுட்டாகி ரன் வரவைக்கும் உயரப் பந்து) கொடுத்திருந்தால், இவை அந்த 100-ல் சேராதவை என்பதால், 126-க்கு 50 முறை பேஸில் நின்றிருக்கிறான், விகிதம் .397. அவனைப் பெஞ்சில் உட்கார வைக்க எந்தப் பயிற்சியாளரும் யோசிப்பார். பத்துக்கு ஏழு முறை தோற்பவன் இந்த ஆட்டத்தில் நல்ல பேட்ஸ்மேன் என்பதை மனதில் பதித்துக்கொண்டு, இரவு பேசும்போது "எத்தனை ரன்?" என்று தொடங்காமல் "சாப்பிட்டியா?" என்று தொடங்கினால் பையன் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பேசுவான்.

பிட்சரின் பெற்றோர் பார்க்க வேண்டிய எண் வேறு: வீசிய பந்துகளின் எண்ணிக்கை. கல்லூரி ஆட்டத்தில் இதற்கு என்சிஏஏ விதி எதுவும் இல்லை. பயிற்சியாளரின் மனசாட்சிதான் வரம்பு. மேஜர் லீக் வெளியிட்டுள்ள 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல்படி 19 முதல் 22 வயது வரை ஒரு நாளில் 120-க்கு மேல் கூடாது. 30 பந்து வரை ஓய்வு தேவையில்லை. 31 முதல் 45 வரை ஒரு நாள். 60 வரை இரண்டு. 80 வரை மூன்று. 105 வரை நான்கு. அதற்கு மேல் ஐந்து. தப்பு நடப்பது பெரும்பாலும் வார இறுதியில். வெள்ளிக்கிழமை 50 பந்து வீசியவன், சனிக்கிழமை இரட்டை ஆட்டத்தில் ஆள் தீர்ந்துபோனதால் ஞாயிறு மீண்டும் 25 வீசுவான். பையன் மாட்டேன் என்று சொல்ல மாட்டான், ஏனென்றால் அடுத்த வாரம் அந்த இடத்துக்கு நாலு பேர் காத்திருக்கிறார்கள். தேதியும் எண்ணும் எழுதிய ஒரு நோட்டு வீட்டில் இருக்கட்டும். ஆனால் அதை எடுத்துக்கொண்டு பயிற்சியாளரிடம் போக வேண்டாம். மகனிடம் காட்டுங்கள், அணியில் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் ட்ரெய்னரிடம் அவன் பேசட்டும். முழங்கையின் உள்பக்கம் வலி, வேகம் இரண்டு மூன்று மைல் குறைவு, வழக்கமாகத் தாழ்ந்து விழும் பந்து உயரத்திலேயே தங்குவது: இம்மூன்றில் இரண்டு சேர்ந்தால் ஸ்கேன் எடுக்கும் நேரம். முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை ஆனால் மீண்டும் வீச ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு. நான்காண்டுக் கல்லூரி வாழ்வில் அது பெரும்பங்கு.

சிகிச்சைச் செலவு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். கல்லூரியின் விளையாட்டுக் காப்பீடு பொதுவாக இரண்டாமிடத்தில் நிற்பது. முதலில் குடும்பத்தின் காப்பீடு கட்டிய பிறகுதான் அது வாய் திறக்கும். டெக்சாஸில் வேலை செய்யும் அப்பாவின் எச்எம்ஓ திட்டத்துக்கு (குறிப்பிட்ட டாக்டர்களின் வலைக்குள் மட்டும் செலவு ஏற்கும் காப்பீடு) ஒஹாயோ சிற்றூரில் ஒரு டாக்டரும் வலையில் இல்லாமல் போகலாம். ஆகஸ்டில் அவன் கிளம்பும் முன்பே காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, அந்த ஊரின் அஞ்சல் எண்ணைச் சொல்லி, எலும்பு மருத்துவர், எம்ஆர்ஐ, பிசியோதெரபி மூன்றும் வலைக்குள் உண்டா என்று கேளுங்கள்.

மட்டை பற்றி ஒரு வார்த்தை. மர மட்டை தவிர, கல்லூரியில் செல்லுபடியாவது பிபிகோர் .50 முத்திரை (மட்டையில் பந்து துள்ளும் வேகத்துக்கான வரம்பு) உள்ள மட்டை மட்டும். அங்குல நீளத்துக்கும் அவுன்ஸ் எடைக்கும் வித்தியாசம் மூன்றுக்கு மேல் போகக் கூடாது, அதாவது 33 அங்குலம் என்றால் 30 அவுன்ஸுக்குக் குறையக் கூடாது. 400, 500 டாலர் போட்டு வாங்கும் காம்போசிட் (கார்பன் இழை) மட்டையை மார்ச் குளிரில் இறக்கினால் விரிசல் விடும். 60 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். வடக்கே ஏப்ரல் பாதி வரை அலுமினிய மட்டைதான் சரி.

நேரில் போகிறவர்களுக்கு: ஆட்ட அட்டவணையை நம்பி விடுதி அறை எடுக்காதீர்கள், அன்று மாலை வரை ரத்து செய்யக் கூடியதாக எடுங்கள். சனி மழை என்றால் ஆட்டம் வெள்ளிக்கு முந்தும், அல்லது செயற்கைப் புல் உள்ள வேறொரு ஊருக்கு மாறும். தகவல் முந்தின நாள் மாலைதான் வரும். உட்கார நாலு படி அலுமினியப் பலகை இருந்தால் அதிர்ஷ்டம். மடக்கு நாற்காலி, கம்பளி, கீழே விரிக்க ஒரு அட்டை வண்டியிலேயே கிடக்கட்டும். மார்ச்சில் அந்த அலுமினியம் உட்கார்ந்தவரின் சூட்டை ஒரே இன்னிங்ஸில் உறிஞ்சிவிடும். இரட்டை ஆட்டம் என்றால் ஐந்தரை, ஆறு மணி நேரம். அணி உட்காரும் டக்அவுட் பக்கம் போய் மகனைக் கூப்பிடக் கூடாது; வேலிக்கு அப்பாலிருந்து தண்ணீர் பாட்டில் நீட்டும் அம்மாவைப் பார்த்துப் பையன் படும் சங்கடம் சொல்லி மாளாது. ஆட்டம் முடிந்ததும் பெற்றோர் முறைபோட்டு அணிக்கே சாப்பாடு போடுவது பல கல்லூரிகளில் உண்டு. 45 பேர் என்றால் சாண்ட்விச் ஆளுக்கு இரண்டு என 90, வாழைப்பழம் 50, தண்ணீர் 100 பாட்டில். வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்கு என்று முன்பே கேட்டுவிடுங்கள். எலுமிச்சை சாதம் கொண்டுபோகும் எண்ணமிருந்தால் கடலை போடாமல் தாளியுங்கள். தாராளமாகப் போகும்.

மதிப்பெண் என்ன, ஏன் இறக்கவில்லை என்று கல்லூரிக்கு அழைத்துக் கேட்பது வீண். 1974-ன் ஃபெர்பா சட்டப்படி கல்லூரி மாணவனின் கல்விப் பதிவு அவன் சம்மதம் இல்லாமல் பெற்றோருக்கு உரிமையாகக் கிடைக்காது. ஆட வாய்ப்பு பற்றிப் பெற்றோரிடம் பேசுவதில்லை என்று பயிற்சியாளர்கள் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள், அதில் பிடிவாதமாகவும் இருப்பார்கள். இருக்கட்டும்.

இன்னொன்று. பெரிய மைதானத்தில் வேலிக்கு வெளியே வரும் பந்து பிடித்தவருக்குச் சொந்தம். சின்னக் கல்லூரியில் அப்படியில்லை. பந்து ஒரு டஜன் நூறு டாலரை ஒட்டி விற்கிறது. வண்டி நிறுத்துமிடத்தில் கார்களுக்கு அடியில் உருண்ட பந்தைத் தேட ஆட்டத்தில் இறங்காத முதலாண்டுப் பையனைத்தான் அனுப்புவார்கள். உங்கள் காலடியில் வந்தால் எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
ஒஹாயோவிலிருந்து ஒரு வாசகர்